ஹாஸ்டலில் இருக்கும் மாணவன் மாதம் ஆயிரம் ரூபாய் சேமிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "அரியலூர் பக்கம் கிராமம். 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளி. கவுன்சிலிங்கில் சென்னையில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்து முதலாமாண்டு படிக்கிறேன். ஃபீஸுக்குக் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம். ஹாஸ்டல், மெஸ் பணத்தை அப்பா கட்டிவிட்டார். கைச்செலவுக்கு வீட்டிலிருந்து மாதம் 4,000 வருகிறது, மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மாதம் 1,000 ரூபாயாவது மிச்சம் பிடிக்க வழி சொல்லுங்கள். பார்ட் டைம் வேலைக்குப் போகலாமா?"

தம்பி, டீயைக் குறை, படத்துக்குப் போகாதே, செலவை நோட்டில் எழுது என்று நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். தப்பில்லை. ஆனால் 15 ரூபாய் டீயில் தினமும் ஒன்றை விட்டால் மாதம் 450 ரூபாய் தேறும், அவ்வளவுதான். அதையும் பத்து நாளைக்கு மேல் யாரும் கடைப்பிடிப்பதில்லை. கல்லூரி அலுவலகத்தில் ஸ்காலர்ஷிப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. பசங்கள் கேன்டீனில் விடுகிற காசைவிட, போடாமல் விட்ட அப்ளிகேஷனில் விடுகிற காசு பல மடங்கு. அதனால் முதலில் ஃபார்ம், அப்புறம்தான் டீ.

நீங்கள் தேடும் அந்த ஆயிரம் ரூபாயை அரசே கொடுக்கிறது. தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிவைத்தார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இதேபோல புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்தே இருக்கிறது. கல்லூரி தனியாரா அரசா என்பது இங்கே பிரச்சினை இல்லை, பள்ளிதான் முக்கியம். உங்கள் கல்லூரியில் இதற்கென ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவரிடம் போய், யுமிஸ் (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு) நம்பர் போட்டாகிவிட்டதா, தமிழ்ப் புதல்வனில் என் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லாருக்கும் ஆட்டோமேட்டிக்கா வந்துடும்" என்று ரூம்மேட் சொல்வதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

பெயர் ஏறியும் பணம் வராமல் அலைகிறவர்கள் நிறைய. பத்தில் ஏழெட்டு பேருக்குக் காரணம் ஒன்றுதான். இந்தப் பணம் டிபிடி, அதாவது அரசு நேரடியாக வங்கியில் போடுவது; நீங்கள் எழுதிக்கொடுத்த அக்கவுண்ட் நம்பரைப் பார்த்து வருவதில்லை, உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. கல்லூரிக்கு வந்ததும் புது அக்கவுண்ட் திறந்திருப்பீர்கள். ஆதாரோ, ஏழாம் வகுப்பில் ஸ்காலர்ஷிப்புக்காக ஊரில் திறந்த அக்கவுண்டில் மாட்டிக்கொண்டிருக்கும். அது மைனர் அக்கவுண்ட், 18 வயது முடிந்ததும் கையெழுத்தும் கேஒய்சியும் புதுப்பிக்காமல் முடங்கிக் கிடக்கும். பணம் அங்கே போய் மோதித் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது, ஓடிபி போட்டால் எந்த வங்கி என்று காட்டும். பழைய வங்கி காட்டினால், இப்போது பயன்படுத்தும் வங்கிக்கு நேரில் போய், "டிபிடி பணம் வர ஆதார் சீடிங் பண்ணுங்க" என்று எழுதிக்கொடுங்கள். அக்கவுண்டில் ஆதார் நம்பர் சேர்ப்பது வேறு, அரசுப் பணம் இந்த வங்கிக்குத்தான் வரணும் என்று இணைக்கும் இந்த சீடிங் வேறு. கவுன்டரில் இருப்பவரே சில நேரம் இரண்டையும் குழப்பிக்கொள்வார். திரும்பவும் சோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா யாருமே டிகிரி முடித்ததில்லை என்றால், கவுன்சிலிங்கில் சேர்ந்தவருக்கு டியூஷன் ஃபீஸில் சலுகை உண்டு. தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் அது வருஷத்துக்கு 25,000 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அக்கா ஏற்கெனவே இதில் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் இல்லை. உங்கள் அலாட்மென்ட் ஆர்டரை எடுத்து, முதல் பட்டதாரி என்று அதில் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். குறிப்பு இருந்தும் முழு ஃபீஸையும் கட்டச் சொல்லியிருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று முதலில் வசூலித்துவிடும் கல்லூரிகள் உண்டு. ரசீதோடு போய்க் கேட்கிறவனுக்குத் திரும்பி வரும். கேட்காதவன் பணம் அப்படியே கிடக்கும். 25,000 என்பது மாதம் 2,000 ரூபாய்க்கு மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலிலும் ஒருமுறை உட்கார்ந்து தேடுங்கள். பிளஸ் டூவில் போர்டு அளவில் மேலே வந்த 20 சதவீதத்துக்குள் இருந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் வருஷம் 12,000 தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. ஆகவே இரண்டுக்கும் போட்டுவிட்டு மாட்டிக்கொள்ளாமல், எது பெரிதோ அதைப் பிடியுங்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்கள் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விடவே கூடாது. உங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரும் பிரகதி உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். தேர்வானால் வருஷம் 50,000, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம். ஆச்சரியமாக இருக்கும், விசாரிக்கக்கூட ஆள் வருவதில்லை.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே இ-சேவையில் போட்டு வாங்கி வைத்துவிடுங்கள். கடைசி தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஊருக்குப் போன் போட்டு, "அப்பா, விஏஓவைப் பாருங்க" என்று பதறுகிற காட்சி ஒவ்வொரு வருஷமும் நடக்கும். இன்னொன்று, இவற்றில் பலவற்றை இரண்டாம் வருஷம் புதுப்பிக்கணும். முதல் வருஷம் வாங்கிவிட்டு ரினியூவல் மறந்து மூன்று வருஷப் பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர்.

இப்போது கடனுக்கு வருகிறேன். கல்விக் கடன் வைத்திருக்கும் மாணவன் சேமிப்பதாகச் சொல்லி ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. ஏன் என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருஷம், வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிக்கிற நான்கு வருஷமும் முடிந்து ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000. இரண்டாவது லட்சத்துக்கு 40,000. அடுத்து 30,000, கடைசிக்கு 20,000. கூட்டினால் 1,40,000. வேலைக்குப் போகும்போது நீங்கள் வாங்கிய 4 லட்சத்துக்கு அல்ல, 5,40,000 ரூபாய்க்குத் தவணை போடுவார்கள். இதே நேரத்தில் தபால் ஆபீஸ் ஆர்டி கொடுக்கும் வட்டி 6.7%. பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கி ஆறே முக்கால் ரூபாய்க்கு விடுவதில் என்ன லாபம்?

முதல் வருஷம் ஒரு லட்சத்துக்கான வட்டி மாதம் 833 ரூபாய்தான். தமிழ்ப் புதல்வன் ஆயிரம் வருகிறதே, அதை அப்படியே கடன் அக்கவுண்டில் கட்டினால் வட்டி ஏறாது. படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு, உங்கள் கிளையில் கேளுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்பாகவும், கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்பிஏ தர அங்கீகாரமும் இருந்தால், அந்த ஐந்து வருஷ வட்டியை மத்திய அரசே கட்டும் சிஎஸ்ஐஎஸ் என்ற மானியத் திட்டம் இருக்கிறது. வங்கி தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. வருமானச் சான்றிதழைக் கொடுத்து, "சிஎஸ்ஐஎஸ்ல போடுங்க சார்" என்று அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அது கிடைத்துவிட்டால் வட்டியை நீங்கள் கட்டத் தேவையில்லை. அப்போது தாராளமாக ஆர்டி போடுங்கள். தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருஷம். உங்களுக்கு வங்கியில் ஒரு வருஷ ஆர்டி போதும். நடுவில் படிப்பை நிறுத்தினால் மானியம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, அந்த 4,000. மூன்றாவது வாரத்தில் தீர்கிறது என்றால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே பாதி போயிருக்கும். ஜிபே ஹிஸ்டரியைத் திறந்து, ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதி வரை மட்டும் பாருங்கள், நான் சொல்வது சரியா என்று தெரியும். இதற்கு நோட்டுப் போட்டு எழுதுவதைவிட ஒரு எளிய வழி இருக்கிறது. அம்மாவிடம் மாதம் ஒருமுறை 4,000 போடாமல், திங்கட்கிழமை தோறும் 900 போடச் சொல்லுங்கள். நான்கு வாரத்துக்கு 3,600. மீதி 400, மாதக் கடைசியில் தொங்கும் இரண்டு மூன்று நாளுக்கு. சனி ஞாயிறு கையில் காசு இல்லாவிட்டாலும் இரண்டு நாள்தான், சமாளித்துவிடலாம். உதவித்தொகை வரும் அக்கவுண்டை எந்த ஆப்பிலும் இணைக்காதீர்கள். வங்கிக்குப் போய்த்தான் எடுக்கணும் என்று இருந்தாலே பாதிப் பணம் நிற்கும். அதில் முதலில் ஒரு 4,000, 5,000 சேரட்டும். திடீரென்று ஊருக்கு ஓடவோ டாக்டரிடம் போகவோ அதுதான், அதற்கு அப்புறம்தான் வட்டியும் ஆர்டியும். மினிமம் பேலன்ஸ் இல்லாத அக்கவுண்டாகப் பாருங்கள். ஸ்டேட் பேங்க் 2020-லேயே அந்த அபராதத்தை எடுத்துவிட்டது, கனரா, இந்தியன் வங்கிகள் 2025-ல் எடுத்தன. சில தனியார் வங்கிகளில் பேலன்ஸ் குறைந்தால் ஸ்காலர்ஷிப்பிலேயே கை வைப்பார்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. மெஸ்ஸுக்கு ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. ராத்திரி உப்புமா என்று தெரிந்ததும் ஸ்விக்கியைத் திறந்தால், ஒரே வேளைக்கு இரண்டு முறை காசு. ஆப்பில் அதே பரோட்டாவின் விலையும் கடையைவிடப் பெரும்பாலும் கூடுதல், அதற்கு மேல் டெலிவரி, பேக்கிங். உப்புமா அன்று நடந்துபோய்க் கடையில் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை, உப்புமாவுக்கு நானும் எதிரிதான். மாதக் கடைசியில் சென்னையில் அம்மா உணவகம் இருக்கவே இருக்கிறது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். உங்கள் ஹாஸ்டல் மெஸ் டிவைடிங் சிஸ்டமா, அதாவது மாதச் செலவை எல்லாருக்கும் பகிர்ந்து பில் போடுகிறார்களா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால், ஊருக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் மெஸ் பில்லில் கழிப்பார்கள். எத்தனை நாளுக்கு மேல் போனால் கழிவு என்பது ஒவ்வொரு ஹாஸ்டலுக்கும் ஒரு விதம். எழுதாமல் போனால் நீங்கள் இல்லாத நாளுக்கும் நீங்கள்தான் கட்டணும்.

பொருள் விஷயத்தில், முதலாமாண்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். படம் வரையும் கருவியான டிராஃப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் ஒரு செமஸ்டர்தான். மெக்கானிக்கல், சிவில் தவிர மற்ற டிபார்ட்மென்ட் சீனியர்கள் ரூமில் அது கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடக்கும். இரண்டாம் வருஷ பிளாக்கில் ஒரு ரவுண்டு போனால் டிராஃப்டர், லேப் கோட், கால்குலேட்டர், பழைய கேள்வித்தாள் கட்டு எல்லாம் பாதி விலைக்கும் கீழே, பல நேரம் ஒரு டீக்கே கிடைக்கும். டிராஃப்டர் வாங்கும்போது மட்டும் திருகுகளை இறுக்கி, ஸ்கேல் ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆடுகிற டிராஃப்டரில் இணைகோடு இணைகோடாக வராது. புத்தகத்துக்கு முதலில் லைப்ரரி புக் பேங்க், பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் மூர் மார்க்கெட். வருஷத்துக்கு ஒருமுறை சிலபஸ் ரெகுலேஷன் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மற்றபடி பழைய பதிப்பில் கணக்கு ஒன்றும் மாறிவிடாது.

காசு கொடுத்து வாங்கும் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட், "15 நாளில் ஏஐ எக்ஸ்பர்ட்" கோர்ஸ் இவற்றுக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் கோர்ஸ்கள் இலவசம். என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கோர்ஸுக்கு 1,000 ரூபாய். கல்லூரியில் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்றால் மட்டும் எழுதுங்கள்.

ஊருக்குப் போக வர, ரயிலில் மாணவர் சலுகை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போக இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதி, எஸ்சி எஸ்டி மாணவர்களுக்கு நான்கில் மூன்று பங்கு தள்ளுபடி. கல்லூரி அலுவலகத்தில் ரயில்வே கன்செஷன் ஃபார்ம் வாங்கி, பிரின்சிபால் கையெழுத்தும் சீலும் போட்டு, ஸ்டேஷன் கவுன்டரில் கொடுத்தால்தான் கிடைக்கும். ஆன்லைனில் கிடையாது, அதனால்தான் யாரும் பயன்படுத்துவதில்லை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள்தான் என்பதால், பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பர் நடுவிலேயே ஃபார்மோடு நிற்கணும். அதைத் தவறவிட்டால் ஆம்னி பஸ்காரன் சொன்னதுதான் விலை. தினமும் வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கு மின்சார ரயில் சீசன் டிக்கெட்டிலும் சலுகை இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு டிகிரி முடியும்வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இலவசமே.

சேமிப்பை ஒரே நாளில் தின்றுவிடும் சில விஷயங்கள் உண்டு. லோன் ஆப்பைத் தொடாதீர்கள், அவசரம் என்றால் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டாவது அப்பாவிடம் கேளுங்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 42%, ஊரில் கந்துவட்டி என்று எதைச் சொல்கிறோமோ அதுதான். ரூமில் யாராவது பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங்கில் தினம் ஆயிரம் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. மிச்ச ஏழு பேரில் உங்கள் ரூம்மேட் இருக்க வாய்ப்பு குறைவு.

இதைவிட மோசமானது ஒன்று இப்போது கல்லூரிகளைச் சுற்றி நடக்கிறது. "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்" என்பார்கள். வருவது ஆன்லைனில் யாரையோ ஏமாற்றிய பணம். அக்கவுண்ட் முடக்கப்படும், போலீஸ் உங்களைத் தேடித்தான் வரும், அவனை அல்ல. ஏடிஎம் கார்டு, சிம், பாஸ்புக் எதையும் யாருக்கும், சீனியராக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

கட்டிய ரசீதுகள் அத்தனையையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அதில் காஷன் டெபாசிட் என்று ஒரு வரி இருக்கும், ஹாஸ்டலுக்குத் தனியாகவும் இருக்கும். திருப்பித் தரவேண்டிய பணம் அது. கடைசி வருஷம் நோ டியூஸ் ஃபார்மில் கையெழுத்து வாங்கி டிசி வாங்கும் அவசரத்தில் அதைக் கேட்காமல் போய்விடுவார்கள்.

பார்ட் டைம் வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். முதல் செமஸ்டரில் வேண்டாம். ஒரு மேத்ஸ் பேப்பர் அரியர் விழுந்தால் திரும்ப எழுதும் ஃபீஸ் சின்னதுதான், ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல கம்பெனிகள் நிலுவையில் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. அந்த நஷ்டத்தை எந்த வேலையும் ஈடுகட்டாது. இரண்டாம் செமஸ்டரிலிருந்து, கல்லூரிப் பக்கத்துத் தெருவில் எட்டாவது, பத்தாவது படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பதுதான் என் முதல் சாய்ஸ். மணிக்கணக்குக்கு நல்ல காசு, உங்கள் அடிப்படையும் கெட்டிப்படும். ஹாஸ்டல் பசங்கள் அதிகம் போவது கல்யாண மண்டபக் கேட்டரிங்குக்கு. பந்தி பரிமாறினால் அன்றைக்கே கையில் காசு, வயிறு நிறையச் சாப்பாடு. ஆனால் ராத்திரி ரிசப்ஷன் முடிந்து பாத்திரம் ஏற்ற பதினொன்றரை ஆகும், ஹாஸ்டல் கேட் மூடிவிடும். ஆகவே காலை முகூர்த்தத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், கூலியை எப்போது, எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட்டுப் போங்கள். ஆவணி, தை மாதிரி முகூர்த்த மாதங்களில் அவர்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படும், உங்கள் செமஸ்டர் பரீட்சைத் தேதியைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.